இரத்தச் சர்க்கரைக் குறிப்பேட்டைப் படித்தறியும் முறை

நீரிழிவு நோயாளிகளில் பலரிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருப்பதைக் காணலாம். தேதி, நேரம், ஓர் எண் ஆகிய மூன்றும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மருத்துவ நிலையத்திற்குச் செல்லும் நாளில் அது மேஜைமீது வைக்கப்படுகிறது. கடைசி எண்மட்டும் பார்க்கப்படுகிறது. "அதிகமாக இருக்கிறது" என்றோ "பரவாயில்லை" என்றோ ஒரு சொல் கூறப்பட்டு, புத்தகம் மூடப்படுகிறது. விரலைக் குத்தி, பணம் செலவிட்டு, பல வாரங்களாகச் சேர்த்த செய்தி இவ்வாறு படிக்கப்படாமலே போய்விடுகிறது. இது வீண் செலவு மட்டுமன்று. சில வேளைகளில் நோயாளியின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய தவறுமாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் 1,13,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு நோயுடையவர்கள். மேலும் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் எல்லையில் நிற்பவர்கள். இத்தனை பேரையும் நோய்க்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் அடிக்கடி கண்டு பேசுதல் இயலாது. துணை சுகாதார நிலையத்து ஊழியர், ஆஷா ஊழியர், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் கண்ணில்தான் இக்குறிப்பேடுகள் முதலில் படுகின்றன. ஆகவே அவற்றைப் படிக்கும் முறையை இவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகிறது. மருந்தின் அளவை மாற்றுவது இவர்களுடைய வேலையன்று. எந்தக் குறிப்பேட்டை உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கண்டுகொள்வதே இவர்களுடைய வேலையாகும்.

சிறுநீரிலிருந்து இரத்தத்திற்கு

நீரிழிவு நோயாளியின் சிறுநீர் இனிப்பாயிருக்கும் என்பதைப் பண்டைய இந்திய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். மதுமேகம் என்னும் பெயரே இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நோயின் நிலையை அறிவதற்குச் சிறுநீரே துணையாயிருந்தது. பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நிறத் திரவத்தில் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என மாறும். இம்முறை எளிது, செலவும் குறைவு. ஆயினும் அதில் இரண்டு பெருங்குறைகள் இருந்தன. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே அது சிறுநீரில் வெளிப்படத் தொடங்கும் என்பது ஒன்று. சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதைச் சிறுநீர் ஒருபோதும் காட்டுவதில்லை என்பது மற்றொன்று.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியோரின் முயற்சியால் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படலாயிற்று. சாவின் வாயிலிருந்த குழந்தைகள் பிழைத்தெழுந்தனர். ஆனால் அதுமுதல் இரண்டாவது குறை பெரிதாகத் தோன்றலாயிற்று. இன்சுலின் தேவைக்கு மிஞ்சினால் சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயக்கமுறுவார். இதை முன்கூட்டி அறியச் சிறுநீர்ச் சோதனை உதவாது. 1960-களின் நடுவில், ஒரு துளி இரத்தத்தை இட்டால் நிறம் மாறும் பட்டைகள் வழக்கத்திற்கு வந்தன. அந்நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவிகள் 1970-களில் தோன்றின. அப்பத்தாண்டின் இறுதியில் நோயாளிகள் தம் வீட்டிலேயே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளத் தொடங்கினர். இன்றைய குளுகோமீட்டர் இவ்வழியில் வந்ததே. குறிப்பேடும் அத்துடன் பிறந்ததே.

ஓர் எண் கூறுவதும் கூறாததும்

இந்தியாவில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. இக்கட்டுரையில் வரும் எண்கள் யாவும் அக்கணக்கைச் சேர்ந்தவையே. எட்டு மணி நேரமாவது உண்ணாதிருந்தபின் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருப்பதும், குளுகோஸ் கரைசல் அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப் பின் 200 அல்லது அதற்கு மேல் இருப்பதும் நீரிழிவின் அடையாளங்களாகும். சிகிச்சையிலுள்ள வயதுவந்தோருக்குப் பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவுக்குப் பின் 180-க்குக் குறைவாகவும் இருப்பது நோக்கமாகக் கொள்ளப்படுகிறது. முதியவர்களுக்கும் பிற நோய்களால் நலிந்தவர்களுக்கும் இந்நோக்கம் தளர்த்தப்படும். கருவுற்ற பெண்களுக்கு இறுக்கப்படும். ஆகவே ஒருவருக்கு நல்லதாகிய எண் மற்றொருவருக்கும் நல்லதென்று கொள்ளலாகாது.

மேலும், மீட்டர் காட்டும் எண் தராசில் நிறுத்த எடைபோன்று துல்லியமானதன்று. சர்வதேசத் தர நிர்ணயப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது மீட்டரின் எண் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கூடவோ குறையவோ இருப்பது அனுமதிக்கப்படுகிறது. 100-க்குக் கீழ் இருக்கும்போது 15 மில்லிகிராம் வரை வேறுபடலாம். எனவே நேற்று 150, இன்று 160 என்றிருந்தால் சர்க்கரை ஏறிவிட்டதென்று முடிவு செய்வதற்கில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

இதற்குமேல் கையாளும் முறையாலும் பிழைகள் நேரும். மாம்பழமோ வெல்லமோ தொட்ட கையைக் கழுவாமல் சோதித்தால் எண் மிக அதிகமாகக் காட்டும். காலாவதியான ஸ்டிரிப்பும், மூடி திறந்த டப்பாவில் ஈரமும் வெப்பமும் பட்டுக் கிடந்த ஸ்டிரிப்பும் நம்பத்தக்கவையல்ல. விரலைப் பலமாகப் பிழிந்தெடுத்த இரத்தமும் சரியான அளவைத் தராது. இரத்தச் சோகை மிகுந்தவர்களுக்குப் பல மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமான எண்ணையே காட்டுகின்றன; இதனால் சர்க்கரை தாழ்ந்திருப்பது மறைந்துபோகலாம். இச்செய்தி, பெண்களிடமும் குழந்தைகளிடமும் சோகை பரவலாயிருக்கும் இந்நாட்டில் நினைவில் வைக்கத்தக்கது.

இவற்றிலிருந்து தெரிவது யாதெனில், தனித்து நிற்கும் ஓர் எண்ணைக்கொண்டு எந்த முடிவுக்கும் வரலாகாது என்பதே. இவ்விதிக்கு விலக்கு ஒன்றே. 70-க்குக் குறைவான எண் தனித்து வந்தாலும் அதை உண்மையென்றே கொண்டு உடனே செயற்பட வேண்டும். பிழையா என்று ஆராய்வது பிறகு.

எழுத வேண்டியவை

எண்ணும் தேதியும் மட்டும் எழுதப்பட்ட குறிப்பேடு பாதிக் குறிப்பேடே. 180 என்பது வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டதானால் அதன் பொருள் ஒன்று. விருந்துண்ட இரண்டு மணி நேரத்திற்குப் பின் எடுக்கப்பட்டதானால் அதன் பொருள் வேறு. ஆகவே ஒவ்வொரு எண்ணுடனும் மூன்று செய்திகள் சேர்ந்திருத்தல் வேண்டும். உணவுக்கு முன்னா, பின்னா என்பது முதலாவது. மருந்து அல்லது இன்சுலின் எவ்வளவு, எப்போது எடுக்கப்பட்டது, அல்லது விடுபட்டது என்பது இரண்டாவது. அன்றைய தினம் வழக்கத்திற்கு மாறாக நடந்தது என்ன என்பது மூன்றாவது. விரதம், திருமணம், காய்ச்சல், நீண்ட பயணம், வயலில் கடும் வேலை, இரவு விழிப்பு ஆகிய யாவும் இம்மூன்றாவது வகையில் அடங்கும். ஒரு சொல் எழுதினாலே போதும். அவ்வொரு சொல்தான் பின்னர் எண்ணுக்குப் பொருள் கூறும்.

ஸ்டிரிப்பின் விலை காரணமாக நாள்தோறும் பலமுறை சோதிக்கப் பெரும்பாலோரால் இயலாது. அதற்கு அவசியமும் எல்லோருக்கும் இல்லை. மெட்பார்மின் மாத்திரைமட்டும் உட்கொண்டு நிலையாயிருப்பவர் தினந்தோறும் விரலைக் குத்திக்கொள்வதால் பெறும் பயன் சொற்பமே. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளை உண்பவருக்கும் வீட்டுச் சோதனை பெரிதும் பயனுடையது. குறைந்த ஸ்டிரிப்புகளை வைத்திருப்பவர் அவற்றை மாதம் முழுவதும் ஒவ்வொன்றாகச் சிதறவிடாமல், மருத்துவரைக் காணச் செல்வதற்கு முந்திய சில நாட்களில் வெவ்வேறு நேரங்களுக்குப் பங்கிட்டுச் சோதிப்பது சிறந்த முறை. எனினும் உடலில் நடுக்கமோ வியர்வையோ தோன்றும் வேளைக்கென்று சில ஸ்டிரிப்புகள் எப்போதும் எஞ்சியிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம்

படிக்கும் முறையை விளக்குவதற்காக ஒரு கற்பனைக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறு நகரத்தின் காய்கறி வியாபாரி, வயது ஐம்பது. காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஆறு நாட்கள் மூன்று வேளையும் உணவுக்கு முன் சோதித்து அவர் எழுதி வைத்த எண்கள் பின்வருமாறு. ஒவ்வொரு வரியிலும் முதல் எண் காலை, இரண்டாவது மதியம், மூன்றாவது இரவு.

திங்கள்: 148, 66, 162
செவ்வாய்: 152, 92, 171
புதன்: 139, 61, 158
வியாழன்: 161, 98, 214
வெள்ளி: 144, 64, 166
சனி: 150, 95, 169

இதைக் காண்பவரின் கண் உடனே 214 என்னும் எண்ணில் போய் நிற்கும். "வியாழக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்வி எழும். உறவினர் வீட்டுத் திருமணம் என்று அவர் பதிலளிப்பார், கண்டிக்கப்படுவார். மற்றொருவர் பதினெட்டு எண்களையும் கூட்டிச் சராசரி காண்பார். அது 134, நன்றாகவே இருக்கிறதென்று மகிழ்வார். வேறொருவர் காலை எண்களும் இரவு எண்களும் ஒன்றுவிடாமல் 130-ஐத் தாண்டியிருப்பதைக் கண்டு இன்சுலினைக் கூட்ட வேண்டும் என்று கருதுவார். மூவரும் குறிப்பேட்டைப் பார்த்தனரேயன்றிப் படிக்கவில்லை.

முறையாகப் படிப்பவர் வரிவரியாக இடமிருந்து வலம் செல்வதில்லை. மேலிருந்து கீழாக, ஒரே வேளையின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்ப்பார். அவர் முதலில் தேடுவது உயர்ந்த எண்களையன்று, தாழ்ந்த எண்களை. மதிய வேளையின் எண்கள் 66, 92, 61, 98, 64, 95. ஆறில் மூன்று 70-க்குக் கீழ். அம்மூன்றும் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் வந்துள்ளன. ஒருமுறை நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஒரே வேளையில் மும்முறை நேர்ந்தது தற்செயலன்று.

இப்போதுதான் கேள்வி கேட்க வேண்டிய நேரம். "அந்த மூன்று நாட்களும் எப்படிப்பட்டவை?" என்று கேட்டால் விஷயம் வெளிப்படுகிறது. வாரத்தில் அம்மூன்று நாட்களும் அவர் விடியற்காலையில் மண்டிக்குச் சென்று மூட்டைகளைத் தாமே ஏற்றி இறக்குகிறார். மதிய உணவு ஒரு மணிக்குப் பதிலாக மூன்று மணிக்காகிறது. காலையில் போட்ட இன்சுலின் நண்பகலில் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது. உழைப்பும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. உணவோ வந்து சேரவில்லை. அந்நிலையில்தான் அவர் நெரிசலான சாலையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு திரும்புகிறார். கை நடுங்கியதையும் வியர்த்ததையும் வெயிலின் கொடுமை என்று அவர் நினைத்துவந்திருக்கிறார்.

இன்னும் ஒரு செய்தி அக்குறிப்பேட்டில் உண்டு. மண்டிக்குச் செல்லாத நாட்களிலும் மதிய எண் 92, 98, 95 என்றே உள்ளது. இவை நல்ல எண்களே. ஆயினும் மேலும் இறங்குவதற்கு இவற்றில் இடமில்லை. காலை இன்சுலினைக் கூட்டினால் 95 என்பது 70-க்கும், 61 என்பது அதற்கும் கீழே மயக்கத்திற்கும் கொண்டுசெல்லலாம். இரவு எண் உயர்ந்திருப்பது சீர்செய்ய வேண்டியதே. ஆனால் முதலில் பள்ளத்தை மூடிய பிறகே மேட்டைக் குறைக்க வேண்டும். மண்டி நாட்களில் பதினோரு மணிக்குச் சிறிது ஆகாரம் உண்பதா, அந்நாட்களில் மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். அவர் சரியாகத் தீர்மானிப்பதற்கு வேண்டிய செய்தியை அவர்முன் வைத்தது குறிப்பேடும், அதைப் படித்த ஊழியருமேயாவர்.

214 என்னும் எண்ணைப் பற்றிக் கூறவேண்டியது மிகச் சிறிதே. அது ஒரு திருமண நாள்; மறுநாள் சர்க்கரை பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒருமுறை தோன்றி மறைந்த உயர்வுக்காக மருந்தை மாற்றுவதில்லை.

காலை நேர உயர்வு

களத்தில் அடிக்கடி காணப்படும் மற்றொரு தோற்றம், இரவு படுக்கும்போது சரியாக இருந்த சர்க்கரை காலையில் உயர்ந்திருப்பது. இதற்குக் காரணங்கள் பல. விடியற்காலையில் உடலில் சில ஹார்மோன்கள் மிகுந்து சுரப்பதால் ஈரலிலிருந்து சர்க்கரை வெளிப்படுவதுண்டு. இரவு மருந்து போதாதிருக்கலாம். படுக்கைக்கு முன் பாலும் பழமும் உண்ணும் வழக்கமிருக்கலாம். இரவு இன்சுலின் நள்ளிரவில் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிட, நோயாளி அரைத் தூக்கத்தில் எழுந்து கிடைத்ததை உண்டு படுத்திருக்கவும் கூடும். காலை எண்ணைமட்டும் பார்த்து இரவு இன்சுலினைக் கூட்டினால், கடைசியாகக் கூறிய நிலையிலுள்ளவருக்கு அது பேரிடராகும். எனவே இன்சுலின் போட்டுக்கொள்பவரின் காலை எண் தொடர்ந்து உயர்ந்திருந்தால், இரண்டு மூன்று இரவுகள் அதிகாலை 3 மணியளவில் ஒருமுறை சோதித்து எழுதச் சொல்லுதல் வேண்டும். கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி ஆகியவை உண்டா என்று வீட்டாரைக் கேட்பதும் பயன் தரும். நோயாளி அறியாததை அருகில் உறங்குபவர் அறிந்திருப்பார்.

மூன்று மாதக் கணக்கு

குறிப்பேட்டுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது ஹெச்பிஏ1சி என்னும் ஆய்வுக்கூடச் சோதனை. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. அக்காலத்தில் இரத்தச் சர்க்கரை அவற்றின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு மிகுதியாக ஒட்டுகிறது. ஆகவே இச்சோதனை இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. 7 சதவீதம் என்பது சுமார் 154 என்னும் சராசரிச் சர்க்கரைக்கும், 8 சதவீதம் என்பது சுமார் 183-க்கும், 9 சதவீதம் என்பது சுமார் 212-க்கும் சமம்.

இச்சோதனை எவ்வளவு சிறந்ததாயினும் அது சராசரியே. ஓர் ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு இறங்குபவன், நடுவிலுள்ள மடுவில் மூழ்கக்கூடும். மேற்கூறிய வியாபாரியின் மதியத் தாழ்வை ஹெச்பிஏ1சி ஒருநாளும் காட்டாது. மேலும் இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் இவ்வெண் உள்ளதைவிட உயர்ந்து தோன்றலாம். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரிடத்தும் தாழ்ந்து தோன்றலாம். குறிப்பேடும் ஹெச்பிஏ1சி எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாதிருந்தால் நோயாளி பொய்யெழுதினார் என்று முடிவுகட்டுவதற்கு முன், சோகை உண்டா என்றும், குறிப்பேட்டில் உணவுக்குப் பிந்திய எண்கள் இல்லாதிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் மட்டுமே சோதிப்பவரின் குறிப்பேடு, உண்டபின் ஏறும் சர்க்கரையைப் பற்றி மௌனமாயிருக்கும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பயனும் அதன் விலையும் ஒருங்கே வெளிப்பட்டது 1993-ஆம் ஆண்டில். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுடைய 1,441 பேரிடம் நடத்தப்பட்ட பெரும் ஆராய்ச்சியில், நாள்தோறும் பலமுறை சோதித்து இன்சுலினைத் திருத்தி அமைத்துக்கொண்டவர்களுக்குக் கண்ணின் விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்தது. அதே பிரிவினரிடம் கடுமையான சர்க்கரைத் தாழ்வு சுமார் மூன்று மடங்காகவும் ஆயிற்று. உயர்வைக் குறைப்பதும் தாழ்வைத் தடுப்பதும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவை என்பதை அவ்வாராய்ச்சி ஐயமின்றிக் காட்டிற்று.

தொடர்ந்து அளக்கும் கருவிகள்

கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் சிறு கருவியொன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைத் தானே அளந்து எழுதும் வசதி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. இக்கருவி இரத்தத்தையன்று, தோலின்கீழ் திசுக்களிடையே உள்ள நீரையே அளக்கிறது. ஆதலின் சர்க்கரை விரைவாக ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் எண் சில நிமிடங்கள் பின்தங்கி நிற்கும். உடலின் அறிகுறியும் கருவியின் எண்ணும் முரண்பட்டால் விரலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இக்கருவி தரும் நூற்றுக்கணக்கான எண்களைப் படிக்கும் முறையும் மேலே கூறியதே. 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் நாளின் எத்தனை பங்கு கழிந்தது என்று பார்க்கின்றனர். பெரும்பாலான வயதுவந்தோருக்கு 70 சதவீதத்திற்கு மேல் அவ்வெல்லைக்குள் இருப்பதும், 70-க்குக் கீழ் 4 சதவீதத்திற்கும் குறைவாக இருப்பதும் 2019-இல் வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட நோக்கங்கள். நாளின் 4 சதவீதம் என்பது சுமார் ஒரு மணி நேரம். இங்கும் முதலில் பார்க்க வேண்டியது தாழ்வையே என்பது கவனிக்கத்தக்கது.

பள்ளிக் குழந்தையின் குறிப்பேடு

முதல் வகை நீரிழிவுடைய குழந்தைக்கு இன்சுலின் இன்றி வாழ்வில்லை. பள்ளி நேரத்திலும் அக்குழந்தை சோதிக்கவும், இன்சுலின் போடவும், இடைவேளை அல்லாத வேளையில் ஏதேனும் உண்ணவும் நேரும். இதனை ஒழுங்கீனம் என்று கருதுதல் பிழை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டிலேயே, பொதுத் தேர்வெழுதும் நீரிழிவு மாணவர்கள் குளுகோஸ் வில்லை, பழம், தண்ணீர் முதலியவற்றைத் தேர்வுக் கூடத்திற்குள் கொண்டுசெல்ல அனுமதித்தது.

ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் குறிப்பேட்டிற்கு அவர் தரக்கூடிய செய்தியை வேறொருவரும் தர இயலாது. செவ்வாயும் வியாழனும் உடற்பயிற்சி வகுப்பிற்குப் பின் அக்குழந்தை வெளிறிப்போய் எரிச்சலுடன் பேசுகிறது, கையெழுத்து கோணுகிறது, கேள்விக்கு விடை தெரிந்தும் கூற இயலாமல் விழிக்கிறது. இவற்றை நேரத்துடன் ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் அனுப்பினால், குறிப்பேட்டில் வெற்றிடமாயிருந்த பகல் பொழுது நிரம்பிவிடும்.

சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கியபோதும், சோதிக்க வழியின்றி அதற்குரிய அறிகுறிகள் தோன்றியபோதும் செய்ய வேண்டியது எளிது. சுமார் 15 கிராம் குளுகோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். எண் ஏறாவிடில் மறுபடியும் கொடுக்க வேண்டும். சிறு குழந்தைக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். அவ்வளவை மருத்துவரிடம் கேட்டு முன்னரே எழுதி வைத்துக்கொள்வது நலம். சரியானபின் ஆகாரம் கொடுக்க வேண்டும். அக்கார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உண்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன்படாது. குளுகோஸ் தூளே வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாத்திரை உண்ணும் முதியவர், அதிலும் சிறுநீரக நோயுடையவர், தாழ்வுற்றுத் தேறினாலும் மருத்துவரைக் கண்டே ஆக வேண்டும். அம்மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடித்து மீண்டும் தாழ்த்தக்கூடும்.

இதற்கு எதிர்மாறான ஆபத்தும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தையின் குறிப்பேட்டில் 250-க்கு மேற்பட்ட எண்கள் தொடர்ந்து வந்து, அத்துடன் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவையும் தோன்றினால் அது ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாத நிலை. அஜீரணம் என்று வீட்டில் வைத்திருத்தல் கூடாது.

மெய்யான குறிப்பேடு

1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எண்களைத் தாமே நினைவில் பதித்துக்கொள்ளும் மீட்டர்கள் நோயாளிகளிடம் அச்செய்தி கூறப்படாமல் கொடுக்கப்பட்டன. பின்னர் ஒப்பிட்டபோது, பலர் கையால் எழுதிய எண்கள் மீட்டரில் பதிந்தவற்றைவிட நல்லனவாயிருந்தன. உயர்ந்த எண்கள் விடப்பட்டிருந்தன. எடுக்கப்படாத எண்கள் சேர்க்கப்பட்டிருந்தன. இந்நாட்டிலும் இதைக் காண்பது அரிதன்று. எல்லா எண்களும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிவதும், ஒரு மாதத்துக் குறிப்பு ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதப்பட்டதுபோல் தோன்றுவதும் அதன் அடையாளங்கள்.

ஆயினும் இதற்குப் பொறுப்பு நோயாளியை மட்டும் சார்ந்ததன்று. உயர்ந்த எண்ணைக் காட்டிய ஒவ்வொரு முறையும் கண்டனம் பெற்றவர், அடுத்தமுறை காட்டாமலிருக்கக் கற்றுக்கொள்கிறார். தேர்வில் மதிப்பெண் வாங்குவதுபோல் அவர் நல்ல எண்களைக் கொண்டுவந்து தருகிறார். அப்பொய்யான எண்களை நம்பி மருந்து தீர்மானிக்கப்படுகிறது. உயர்வை மறைப்பவர் தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் மெல்ல இழக்கிறார். தாழ்வை மறைப்பவர் ஒரே இரவில் உயிரிழக்கவும் கூடும். ஓட்டுநர் வேலை போய்விடுமென்றும், விளையாட்டில் சேர்க்கமாட்டார்களென்றும், விரதத்தை விடச் சொல்வார்களென்றும் அஞ்சித் தாழ்வை மறைப்பவர்கள் உண்டு.

ஆகவே குறிப்பேட்டைத் திறக்கும் ஊழியர் முதலில் கூறவேண்டியது, எழுதிக்கொண்டு வந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை. பின்னர் "ஏன் இவ்வளவு ஏறியது?" என்பதற்குப் பதிலாக, "அன்று என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். முதற்கேள்வி குற்றவாளியிடம் கேட்பது. இரண்டாவது கேள்வி சாட்சியிடம் கேட்பது. தன் உடலில் நடந்ததற்கு நோயாளியைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

சுருக்கமாகக் கூறுமிடத்து, குறிப்பேட்டைப் படிக்கும் வரிசை இதுவாகும். முதலில் 70-க்குக் கீழுள்ள எண்களை வட்டமிடுக. அவை எவ்வேளையில், எந்நாட்களில் வந்தன என்று காண்க. அடுத்து, ஒரே வேளையில் மும்முறையேனும் உயர்ந்து நிற்கும் எண்களைக் காண்க. பின்னர் உணவு, மருந்து, உழைப்பு ஆகியவற்றைக் கேட்டறிக. எந்த வேளை வெறுமையாக விடப்பட்டுள்ளது என்று நோக்குக. இறுதியில் கண்டவற்றை இரண்டு வரியில் எழுதி மருத்துவருக்கு அனுப்புக. பழகிய கைக்கு இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்குமானால், மண்டியிலிருந்து திரும்பும் வியாபாரி அன்று பத்திரமாக வீடு சேருவார்.